வாட்டம்

கொல்டோ வந்தது மார்ச் மாத மழையில்.
குடையை மடக்கும் முன்பே சொல்லிவிட்டான்:
மேல்குழாய் மட்டமாக இருக்கவேண்டும்,
மேசை மாதிரி, கடல் மாதிரி.

எய்பாரிலிருந்து கடல் தெரியாது.
இரு மலைகளுக்கிடையில் செருகிய ஊர்.
எங்கள் மேசைகளுக்கோ
ஒரு காலின் அடியில் எப்போதும்
மடித்த அட்டை உண்டு.

சப்பாத்தைக் கழற்றச் சொல்லி
சுவரோடு நிறுத்தி
தொடைகளுக்கிடையில் தடித்த அட்லசைச் செருகி
அளந்தேன். எழுபத்தாறு சென்டிமீட்டர்.
வாட்டசாட்டமான ஆள் இல்லை.
இருபது வருடம் மாவு பிசைந்த தோள்கள் மட்டும்
வேறு யாரிடமோ இரவல் வாங்கியவை போல.

முதலில் அவன் கேட்டபடியே வரைந்தேன்.
மட்டம். சுத்தமான மட்டம்.
தலைக்குழாய் கட்டைவிரல் உயரத்துக்குக் குறுகிற்று.
மேல்குழாயும் கீழ்க்குழாயும் அங்கே
ஒரே சன்னலுக்குச் சண்டையிடும் இரு பயணிகள்.
கைப்பிடியைத் தூக்க
வளையத்தின் மேல் வளையம், அதன் மேல் வளையம்:
எருமை உடம்பில் நாரைக் கழுத்து.

அவனே பார்த்துவிட்டு
வாயில் விரலை வைத்துக்கொண்டான்.
"கொஞ்சமாகச் சாய்க்கலாம். தெரியாத அளவுக்கு."

ஒன்றரை டிகிரி.
அதுதான் இருப்பதிலேயே மோசம்.
ஒன்றரை டிகிரியைப் பார்க்கும் கண்
சாய்வு என்று சொல்லாது,
தப்பு என்று சொல்லும்.
பின்டயரில் காற்று இல்லையோ,
முன்டயர் தடிமனோ,
அளந்தவள் குடித்திருந்தாளோ என்று
தேடிக்கொண்டே இருக்கும்.
மாட்டிய படம் கோணலாக இருந்தால்
விருந்தாளியின் கை சும்மா இருக்குமா?

ஆறு டிகிரி கொடுத்தேன்.
ஆறு, பிழையில்லை; முடிவு.
பின்முக்கோணம் சுருங்கி இறுகிற்று.
சீட்டுத்தண்டு நீண்டு வெளியே வந்தது.
தலைக்குழாய்க்கு மூச்சு கிடைத்தது.
முன்னாலிருந்து வழுக்கும் பார்வை
நிற்காமல் பின் அச்சு வரை போயிற்று.

"ஓடும் முன்பே களைத்துவிட்டது மாதிரி இருக்கு,"
என்றான் கொல்டோ.
வர்ணம் அடிக்கும் மத்தலேன்
மூக்கு மூடியைக் கழற்றாமலே கேட்டாள்:
"நீ ஏன் முன்னாலிருந்து படிக்கிறாய்?
சீட்டிலிருந்து படி. ஏறுகிறது."
அவன் கடையின் அந்தப் பக்கம் போய் நின்று பார்த்தான்.
திரும்பி இந்தப் பக்கம் வந்தான்.
இறங்குகிறது. ஏறுகிறது. இறங்குகிறது.

மேல்குழாய் மேல் நேராக ஒரு வெள்ளைக் கோடு இழுத்து
கண்ணை ஏமாற்றலாம் என்றும் சொன்னாள்.
அதற்கு மட்டும் அவனுக்குக் கோபம் வந்தது.
உப்புப் போடாத ரொட்டியை
உப்புப் போட்டதென்று அவன் விற்பதில்லையாம்.

மேல்குழாய்க்கும் இருக்கைக்குழாய்க்குமான மூட்டை
நான் மூன்றுமுறை அரத்தால் உரசினேன்.
கோணம் மாறினால் மீன்வாய் வெட்டும் மாறும்;
நெருப்பு எல்லாக் கோணத்தையும்
ஒன்றுபோலவே தின்னும்.
பச்சை வர்ணம். பித்தளை நிறத்தில் அவன் பெயர்.
மே கடைசியில் வாங்கிப்போனான்,
நன்றி சொல்லிவிட்டு,
மேல்குழாயைப் பார்க்காமல்.

ஜூனில் ஒரு படம் அனுப்பினான்.
மதுக்கடைச் சுவரில் சாய்த்த பச்சைச் சைக்கிள்,
சரிவில் கீழ்நோக்கி.
அந்தச் சந்து எனக்குத் தெரியும்,
குளிர்காலத்தில் தபால்காரரே சுற்றிப் போவார்.
சுவரில் மூன்று சன்னல்கள்.
சன்னல்களின் அடிக்கட்டை மட்டத்துக்கு
இம்மி பிசகாமல் மேல்குழாய்.

ரசமட்டத்தைப் பையில் போட்டுக்கொண்டு
மூன்று ஞாயிறு தெருத்தெருவாக ஏறி இறங்கினானாம்.
நூறடிக்குப் பத்தரை அடி விழும் தெரு
ஊரில் இது ஒன்றுதானாம்.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன்.
உருண்டு ஓடிவிடாமல் இருக்க
முன்சக்கரத்தின் அடியில்
நேற்றைய ரொட்டியின் முனை.